காசியிலிருந்து ஜேர்மனிவரை: நேபாள மாணவரும் 'மலிவான' பல்கலைக்கழகங்களும்

பல்கலைக்கழகமொன்று கட்டணம் அறவிடாமையினால் மட்டும் அங்கு கல்வி இலவசமாகிவிடுவதில்லை. கட்டடத்துக்கும் ஆசிரியருக்கும் ஆய்வுகூடத்துக்கும் யாரோ பணம் செலுத்துகின்றனர். படிக்கும் காலத்தில் மாணவரின் உணவுக்கும் உறையுளுக்கும் வேறு யாரோ செலுத்துகின்றனர். அந்த 'யாரோ' எவர் என்பதைக் கண்டறிந்த பின்னரே ஒரு பல்கலைக்கழகம் யாருக்கு மலிவானது என்று கூறமுடியும். இலவசக் கல்வியின் வழிவந்த நமக்கு இது தெரியாததன்று. ஆயினும் மாணவர் ஒரு நாட்டவராகவும், பல்கலைக்கழகம் மற்றொரு நாட்டின் பொதுப் பணத்தில் நடப்பதாகவும் அமையும்போது வினா சிக்கலடைகின்றது. அச்சிக்கலை ஆராய்வதற்கு நேபாளத்தினும் தெளிவான எடுத்துக்காட்டு தென்னாசியாவில் இல்லை எனலாம். தன் மண்ணில் ஒரு பல்கலைக்கழகம் தோன்றுவதற்கு ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக்கு முன்னரே தன் அச்சிலக்கியத்தையும், பின்னர் தன் நவீன அரசியலையும் அயல்நாட்டுக் கல்வி நகரொன்றில் உருவாக்கிக்கொண்ட நாடு அது.

1846 முதல் 1951 வரை நேபாளத்தை ஆண்ட ராணா குடும்பத்தினர் கல்வியின் ஆற்றலை நன்கறிந்திருந்தனர். அறிந்திருந்தமையாலேயே அதனைத் தமக்குள் வைத்துக்கொண்டனர். ஜங் பகதூர் ராணா ஐரோப்பியப் பயணத்திலிருந்து திரும்பியபின் 1850களில் தொடங்கிய தர்பார் பாடசாலை முதலில் அக்குடும்பத்துப் பிள்ளைகளுக்கே உரியதாயிருந்தது. 1902இல் எட்டு மாணவர் தொழில்நுட்பம் பயில யப்பானுக்கு அனுப்பப்பட்டனர். அரசு அனுப்பி மேற்படிப்புக்கு வெளிநாடு சென்ற முதல் நேபாளியர் இவர்களே. திரும்பி வந்த அவர்களுக்கு ஏற்ற தொழிற்சாலை எதுவும் நாட்டில் இருக்கவில்லை. அவர்கள் கொண்டுவந்த பழமரக் கன்றுகளும் விதைகளும் இன்றும் நினைவுகூரப்படுகின்றன. கற்றுவந்த கலைகள் அவ்வளவாக நினைவுகூரப்படுவதில்லை. உற்பத்தி உறவுகள் மாறாதிருக்கத் தொழில்நுட்பத்தை மட்டும் இறக்குமதி செய்வதன் விளைவை இதனினும் சுருக்கமாக விளக்குதல் கடினம்.

நாட்டின் முதற் கல்லூரியாகிய திரிசந்திரக் கல்லூரி 1918இலேயே நிறுவப்பட்டது. அதுவும் முதலில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தோடும் பின்னர் பட்னாப் பல்கலைக்கழகத்தோடும் இணைக்கப்பட்டிருந்தது. பாடத்திட்டம், வினாத்தாள், பட்டம் யாவும் எல்லைக்கு அப்பாலிருந்தே வந்தன. எனவே கல்வி வேண்டிய நேபாளி எல்லை கடந்தே ஆகவேண்டியிருந்தது. அவ்வாறு கடந்தவர்களின் தலையாய இலக்கு காசி.

காசி ஏன் மலிவாயிருந்தது என்பது கவனிக்கத்தக்கது. எல்லையில் கடவுச்சீட்டோ அனுமதியோ வேண்டப்படவில்லை. மொழி நெருக்கம் இருந்தது. வடமொழி பயிலும் பிராமண மாணவருக்கு இலவச உணவளிக்கும் சத்திரங்கள் அங்கு பல இருந்தன. லலிதா படித்துறையின் நேபாளக் கோயிலைச் சுற்றி நேபாளியர் நெடுங்காலமாக வாழ்ந்து வந்தனர். ஆனால் சத்திரத்துச் சோறு யாருக்குக் கிடைத்தது? பூணூல் அணிந்தவனுக்கு. காசியின் மலிவு சாதியின் மலிவுமாகும். மலைநாட்டு மகர், தமாங் இளைஞனுக்கோ தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்தவனுக்கோ எல்லைக்கு அப்பால் காத்திருந்தது பாடசாலையன்று. பட்டாளமும் தேயிலைத் தோட்டமும் சுமைகூலியும். ரஞ்சித் சிங்கின் படையிற் சேர லாகூருக்குப் போனவன் 'லாஹுரே' எனப்பட்டான்; பிற்காலத்தில் வெளிநாடு சென்று உழைப்போர் பலரையும் அச்சொல் குறிக்கலாயிற்று. ஒரே எல்லையை இரு வர்க்கங்கள் இரு வேறு நோக்கங்களுக்காகக் கடந்தன என்பதை மனத்திற்கொள்ளாது காசியின் பெருமையை மட்டும் பேசுவது ஒருதலைப்பட்சமானது.

பெருமை உண்டு என்பதிலும் ஐயமில்லை. காத்மண்டுவில் பிறந்து இளமையிலேயே காசியிற் கல்வி பெற்ற மோதிராம் பட்ட (1866–1896), பாரதேந்து ஹரிச்சந்திரரின் இலக்கியச் சூழலோடு தொடர்பு கொண்டவர். பானுபக்தரின் இராமாயணத்தைத் தேடியெடுத்து, 1884இல் பாலகாண்டத்தையும் 1887இல் முழு நூலையும் காசியில் அச்சேற்றியவர் அவரே. நேபாளி மொழியின் தொடக்ககாலச் சஞ்சிகைகள் சில அந்நகரிலேயே வெளிவந்தன. பானுபக்தர் இன்று நேபாளியின் 'ஆதிகவி' எனப் போற்றப்படுகின்றார். ஏட்டிலும் வாய்மொழியிலும் கிடந்த ஒரு கவிஞரைத் தேசத்தின் கவிஞராக்கியது ஒரு மாணவரின் முயற்சி. அம்முயற்சிக்கு வேண்டிய அச்சியந்திரமும் வாசகர் கூட்டமும் தாய்நாட்டில் அன்றிருக்கவில்லை.

1916இல் காசி இந்துப் பல்கலைக்கழகம் தோன்றியபின் இவ்வுறவு புதிய பரிமாணம் பெற்றது. காசியிலேயே பிறந்து அங்கு பட்டம் பெற்ற பி. பி. கொய்ராலா பின்னர் கல்கத்தாவிற் சட்டம் பயின்றார்; நேபாளிச் சிறுகதையில் உளவியல் நோக்கைப் புகுத்தியவராகவும், 1959இல் மக்களால் தெரிவு செய்யப்பட்ட முதற் பிரதமராகவும் வரலாற்றில் இடம்பெற்றார். காசியில் மாணவராயிருந்த மன்மோகன் அதிகாரி 1942ஆம் ஆண்டு 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்திற் பங்குகொண்டு சிறைசென்றார். 1994இல் நேபாளத்தின் முதற் கம்யூனிஸ்ட் பிரதமரானார். 1947இல் காத்மண்டுவின் வடமொழிப் பாடசாலை மாணவர் வரலாறும் புவியியலும் தமக்குக் கற்பிக்கப்பட வேண்டும் எனக் கோரி நடத்திய 'ஜயது சமஸ்கிருதம்' போராட்டத்தின் பின் நாடுகடத்தப்பட்டோர் சென்றடைந்த இடமும் காசியே. அதே ஆண்டு ஜனவரியில் நேபாளி தேசியக் காங்கிரஸ் கல்கத்தாவில் உருவானது. 1949இல் புஷ்பலால் முதலியோர் நேபாளக் கம்யூனிஸ்ட் கட்சியை அதே நகரில் நிறுவினர்.

இதற்குக் காரணம் கங்கைக் கரையின் காற்றன்று. பிரித்தானியரின் ஆட்சியிலிருந்த ஒரு நாட்டில், அவ்வாட்சிக்கு எதிரான இயக்கத்தின் கொதிநிலையில், பல்கலைக்கழகம் தேசியத்தின் பாசறையாயிருந்தது. நேபாள மாணவர் பாடநூலிலிருந்து கற்றதைவிட விடுதி அறைகளிலும் ஊர்வலங்களிலும் கற்றவை அதிகம். குறைந்த செலவில் உள்ளே நுழைய முடிந்தமையால், ஆளும் குடும்பத்தைச் சாராத நடுத்தரக் குடும்பத்து இளைஞரும் அங்கு வரமுடிந்தது. ராணாக்களுக்கு எதிரான தலைமை இவ்வடுக்கிலிருந்தே தோன்றியது.

ஆயினும் மலிவு என்பது எப்போதும் ஒப்பீட்டளவிலானதே. மகாகவி இலட்சுமிபிரசாத் தேவ்கோட்டாவின் வாழ்க்கையே இதற்குச் சான்று. பட்னாப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தைப் பெற்ற அவர், முதுமாணிப் படிப்பை முடிக்கவேண்டும் என்ற விருப்பம் குடும்பத்தின் பணமுடையினால் நிறைவேறாமலே வாழ்ந்தார். 1947இல் காசிக்குச் சென்றபோது அவர் சென்றது மாணவராகவன்று. ராணா ஆட்சியை எதிர்த்து வெளிவந்த 'யுகவாணி' இதழின் ஆசிரியராக. அவர் 1936இல் வெளியிட்ட 'முனா மதன்' நேபாளியரால் மிகப் பரவலாக வாசிக்கப்படும் காவியம். அதன் நாயகன் பொருள்தேடி லாசாவுக்குப் போகின்றான். கடனையும் வறுமையையும் தீர்க்கவே போகின்றான். பிரிவுத் துயரைப் பாடும் அக்காவியத்தின் அடித்தளம் பொருளாதாரம் என்பதை நேபாள வாசகருக்கு எவரும் விளக்கிக் கூறவேண்டியதில்லை.

1951இல் ராணா ஆட்சி வீழ்ந்தது. 1959இல் திரிபுவன் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. இக்காலத்து வெளிநாட்டுக் கல்வி அரசுகளின் புலமைப்பரிசில்களால் வடிவம் பெற்றது. 1950இல் நமது தலைநகரில் நடைபெற்ற பொதுநலவாய வெளிநாட்டமைச்சர் மாநாட்டில் முளைத்து அந்நகரின் பெயரையே தாங்கிய கொழும்புத் திட்டத்தின்கீழ் நேபாள மாணவர் பலர் இந்தியாவுக்கும் பிற நாடுகளுக்கும் சென்றனர். கம்யூனிசத்தின் பரவலைத் தடுப்பது அத்திட்டத்தின் உள்நோக்கங்களுள் ஒன்று. அதன் உதவியோடு சண்டிகரிற் கட்டடக்கலை பயின்ற ஒருவர் பிற்காலத்தில் மாவோயிஸ்ட் கிளர்ச்சியின் முதன்மைச் சிந்தனையாளருள் ஒருவராகவும் 2011இல் பிரதமராகவும் ஆனமை வரலாற்றின் நகைச்சுவை எனல் வேண்டும். அவர் பாபுராம் பட்டராய். மறுபுறத்தில், 1960இல் மொஸ்கோவில் நிறுவப்பட்டு மறு ஆண்டு பத்திரிஸ் லுமும்பாவின் பெயரைப் பெற்ற மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகத்தில் நேபாளியரும் இலங்கையரும் ஒரே விரிவுரை மண்டபங்களில் இருந்து மருத்துவமும் பொறியியலும் பயின்றனர். கட்டணமும் விடுதியும் உதவிப்பணமும் சோவியத் அரசினுடையவை. ஏழை நாட்டு ஏழை மாணவர் வங்கிக் கணக்கைக் காட்டாது உயர்கல்வி பெறக்கூடிய வாய்ப்பு அவ்வளவு பெரிய அளவில் அதற்குப் பின் ஏற்படவில்லை. அதன் குறைகளைப் பற்றி எவ்வளவும் பேசலாம். இவ்வுண்மையை மறைத்துப் பேசலாகாது.

பட்டராய் தமது கலாநிதிப் பட்டத்தைப் பெற்றது 1969இல் தொடங்கப்பெற்ற புதுதில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில். நேபாளத்தின் பின்தங்கிய நிலையையும் பிரதேச அமைப்பையும் மார்க்சிய நோக்கில் ஆராயும் அவ்வாய்வேடு 1986இல் நிறைவுற்று 2003இல் நூலாயிற்று. நேபாளத்தைப் பற்றி நேபாளத்துக்கு வெளியே இருந்து சிந்திக்க, நூலகமும் விவாத மரபும் மலிவான விடுதியும் ஒருங்கே அமைந்த இடமாக அப்பல்கலைக்கழகம் விளங்கியது. அங்கு தனியறைக்கு மாத வாடகை 20 ரூபாவும் இருவர் அறைக்கு 10 ரூபாவுமாக நெடுங்காலம் இருந்தன. 2019இல் இவற்றை முறையே 600, 300 ரூபாவாக உயர்த்தவும் வேறு சேவைக் கட்டணங்களைச் சேர்க்கவும் நிர்வாகம் முற்பட்டபோது மாணவர் வீதியில் இறங்கினர். வரிசெலுத்துவோர் பணத்தில் எதற்குச் சமூகவியல் என்று அப்போது எழுப்பப்பட்ட கேள்வி, கட்டணத்தைப் பற்றியதன்று. அங்கு விளையும் சிந்தனையைப் பற்றியது.

சார்க் நாடுகளின் பொது நிறுவனமாக 2007இல் உடன்பாடு கண்டு 2010இல் தில்லியில் வகுப்புகளைத் தொடங்கிய தென்னாசியப் பல்கலைக்கழகமும் இங்கு குறிப்பிடத்தக்கது. நேபாளியருக்கும் நமக்கும் அங்கு இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. 2024இல், இந்தியப் பிரதமரை விமர்சித்த நோம் சொம்ஸ்கியின் கூற்று இடம்பெற்ற ஆய்வு முன்மொழிவொன்றின் தொடர்பில் விசாரணைக்குள்ளான இலங்கை மானிடவியலாளர் சசங்க பெரேரா அங்கிருந்து விலகினார். ஆய்வுப் பல்கலைக்கழகம் என்பதில் 'ஆய்வு' என்ற சொல்லுக்கும் ஒரு விலையுண்டு.

இனி இன்றைய நிலை. நேபாள அரசிடம் வெளிநாட்டுப் படிப்புக்கான 'ஆட்சேபனையின்மைச் சான்றிதழ்' பெறுவோரின் தொகை 2022–23 நிதியாண்டில் ஒரு இலட்சத்தைத் தாண்டியது. இச்சான்றிதழ் உண்மையில் கல்விச் சான்றிதழன்று; வங்கியில் வெளிநாட்டு நாணயம் பெறுவதற்கான அனுமதி. இந்திய ரூபாவோடு 1.6 என்ற நிலையான விகிதத்தில் நேபாள ரூபா 1993 முதல் பிணைக்கப்பட்டுள்ளமையால் இந்தியாவிற் படித்த தலைமுறை நாணய மாற்றின் கொடுமையை அதிகம் அறியவில்லை. டொலரிலும் யூரோவிலும் செலுத்தவேண்டிய தலைமுறைக்கு, கையெழுத்திட்ட நாளுக்கும் பணம் அனுப்பும் நாளுக்கும் இடையிலேயே செலவு உயர்ந்துவிடுகின்றது.

காத்மண்டுவின் புதலிசடக், பாக்பஜார் வீதிகளில் நிறைந்திருக்கும் கல்வி ஆலோசனை நிலையங்கள் பெரும்பாலும் அவுஸ்திரேலியா, யப்பான் போன்ற நாடுகளையே முன்னிறுத்துகின்றன. கட்டணம் அறவிடும் கல்லூரி, மாணவரை அனுப்பும் நிலையத்துக்குத் தரகு கொடுக்கமுடியும். கட்டணம் அறவிடாத ஜேர்மனியப் பொதுப் பல்கலைக்கழகத்துக்குத் தரகு கொடுக்க எதுவுமில்லை. ஆகவே அதனைப் பற்றிய செய்தி சுவரொட்டியைவிட முன்னே சென்ற நண்பர் வாயிலாகவே அதிகம் பரவுகின்றது. கல்வி பண்டமாகும்போது எது மலிவோ அதனை விற்பதற்கு ஆளிருக்காது என்பது சந்தையின் விதி.

ஜேர்மனியின் கட்டணமின்மை அரசின் கொடையன்று என்பதையும் கூறவேண்டும். கட்டணத்தைத் தடைசெய்த கூட்டாட்சிச் சட்டத்தை அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 2005இல் நீக்கியதும் பல மாநிலங்கள் அரையாண்டுக்கு 500 யூரோ வரை அறவிடத் தொடங்கின. மாணவரும் தொழிற்சங்கங்களும் இடதுசாரிகளும் எதிர்த்தனர். ஹெசன் மாநிலம் 2008இல் பின்வாங்கியது. பவேரியாவில் 2013இல் மக்கள் கையொப்ப முயற்சி அரசைப் பணியவைத்தது. 2014இல் கடைசி மாநிலமாகிய கீழ்ச் சாக்சனியும் கட்டணத்தைக் கைவிட்டது. காத்மண்டு இளைஞர் இன்று அனுபவிக்கும் உரிமை பிராங்பேர்ட் வீதிகளிற் பெறப்பட்டது. ஆனால் அது அவருக்கெனப் பெறப்பட்டதன்று. எனவே அவருக்கு மட்டும் அதனை மறுப்பது எளிது. பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலுள்ளோரிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ அறவிடுகின்றது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024இல் அத்தகையோருக்கு அரையாண்டுக்கு 2,000 முதல் 6,000 யூரோ வரையிலான கட்டணத்தைக் கொண்டுவந்தது. வட ஐரோப்பாவில் இது முன்னரே நிகழ்ந்தது: டென்மார்க் 2006, சுவீடன் 2011, நேபாளியர் கணிசமாகப் பயின்ற பின்லாந்து 2017, நோர்வே 2023. பொதுப் பல்கலைக்கழகத்தின் 'பொது' யாவர் என்ற கேள்விக்குச் சமூக ஜனநாயக அரசுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூறிய விடை இதுவே.

கட்டணம் இல்லாத இடங்களிலும் வாயிற்காவலன் உண்டு. விசா வேண்டுவோர் ஓராண்டு வாழ்க்கைச் செலவை முடக்கப்பட்ட வங்கிக் கணக்கொன்றில் முன்கூட்டியே இடுவது வழக்கமான நிபந்தனை. இத்தொகை முன்பு 8,640 யூரோவாயிருந்தது. 2024 செப்டெம்பர் முதல் 11,904. நேபாளத்தின் தலா ஆண்டு வருமானத்தைப் போல் இது ஏறத்தாழ ஒன்பது மடங்கு. பணம் மாணவருடையதே, மாதந்தோறும் 992 யூரோவாக அவருக்கே திரும்புகின்றது என்பது உண்மைதான். ஆனால் முதலில் அது இருக்கவேண்டும். ஐரோப்பிய மத்தியகாலத்திற் கோட்டை வாயிலிற் கேட்கப்பட்ட வமிசாவளிக்குப் பதிலாக இங்கு சொத்துரிமை கேட்கப்படுகின்றது, அவ்வளவே வேறுபாடு.

அத்தொகை எங்கிருந்து வருகின்றது? காணியை ஈடுவைத்து வங்கிக் கடன் பெறலாம். தராய் சமவெளியின் காணியற்ற தலித் குடும்பத்துக்கு ஈடுவைக்க எதுவுமில்லை. மற்றொரு வழி, வளைகுடாவிலும் மலேசியாவிலும் உழைப்போர் அனுப்பும் பணம். அப்பணம் நேபாளத்தின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நான்கிலொரு பங்களவு. அண்ணன் கட்டாரிற் கட்டடத் தொழிலாளியாக இருந்து சேர்த்ததைக் கொண்டு தம்பி ஜேர்மனியில் முதுமாணி பயிலும் குடும்பத்தில், மூலதனத் திரட்சியின் இரு கட்டங்கள் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. லாஹுரேயும் மாணவரும் முன்பு இரு வர்க்கத்தினராயிருந்தனர். இன்று ஒருவர் மற்றவரின் செலவாளியாகிவிட்டார்.

வேறொரு வடிகட்டியும் உண்டு. இளமாணிப் படிப்புகள் பெரும்பாலும் ஜேர்மன் மொழியில். ஆங்கில மொழிமூல வாய்ப்புகள் பெரும்பாலும் முதுமாணி மட்டத்தில். எனவே அங்கு செல்வோர் நாட்டில் ஏற்கெனவே ஒரு பட்டம் முடித்தவராயும், ஆங்கிலத்தில் தேர்ச்சியுடையவராயும் இருப்பர். நேபாளத்தில் ஆங்கிலம் பெரும்பாலும் தனியார் பாடசாலையின் சொத்து. விடுதியே இல்லாவிடினும் அப்பாடசாலைகளை மக்கள் 'போர்டிங்' என்றே அழைக்கின்றனர்; அச்சொல்லில் இருக்கும் வர்க்க மணத்தை அங்கு எவரும் தவறவிடுவதில்லை.

படிக்கும் காலத்தில் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வேலைசெய்யவும், பட்டம் பெற்றபின் 18 மாதம் தங்கி வேலை தேடவும் ஜேர்மனி அனுமதிக்கின்றது. இவ்வனுமதியைப் பரிவு எனக் கொள்வோரும் உளர். பிறப்பு வீதம் தாழ்ந்து முதுமையடையும் ஒரு சமுதாயத்துக்கு, இருபத்திரண்டு ஆண்டு வளர்ப்புச் செலவும் பாடசாலைச் செலவும் ஏற்கெனவே வேறொரு நாட்டால் செலுத்தப்பட்ட பொறியியலாளர் கிடைக்கின்றார். உழைப்புச் சக்தியை உருவாக்கும் செலவில் பெரும்பகுதியை நேபாளத்துத் தாய் ஏற்க, இறுதி ஈராண்டை மட்டும் ஜேர்மனி ஏற்கின்றது. யார் யாருக்கு மானியம் வழங்குகின்றனர் என்று கணக்கிட்டால் விடை வெளிப்படை.

கல்வி, உழைப்பு என்ற இரண்டுக்குமிடையே கோடு அழிந்துபோவதன் மிகக் கொடிய சான்று வேறோரிடத்தில் உள்ளது. 'கற்றுக்கொண்டே சம்பாதித்தல்' என்ற திட்டத்தின்கீழ் இஸ்ரேலியப் பண்ணைக்குச் சென்ற நேபாளத் தூரமேற்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய மாணவருள் பத்துப்பேர் 2023 அக்டோபர் 7ஆம் திகதித் தாக்குதலிற் கொல்லப்பட்டனர். அவர்களை மாணவர் என்பதா, தொழிலாளர் என்பதா என்று செய்தித்தாள்களே தடுமாறின.

1970களில் நேபாளம் இதற்கு நேரெதிரான ஒன்றை முயன்றது என்பதை இங்கு குறிப்பிடலாம். 1971ஆம் ஆண்டின் புதிய கல்வித் திட்டத்தைத் தொடர்ந்து, திரிபுவன் பல்கலைக்கழகத்து முதுமாணி மாணவர் ஏறத்தாழ ஓராண்டு கிராமங்களிற் பணியாற்றவேண்டும் என விதிக்கப்பட்டது. தேசிய அபிவிருத்திச் சேவை எனப்பட்ட அதனைக் கொண்டுவந்தது மன்னரின் பஞ்சாயத்து ஆட்சி. 1979ஆம் ஆண்டு மாணவர் எழுச்சியின் பின் அதனைக் கைவிட்டதும் அவ்வாட்சியே. கிராமத்துக்குப் போன மாணவர் அங்கு அரசியல் பேசினர். தலைநகரத்தவர் முதன்முறையாகத் தம் நாட்டைக் கண்ட அப்பயணத்தை இடதுசாரிகள் மீட்டெடுக்க முயலாதது எனக்கு வியப்பளிக்கின்றது.

காசித் தலைமுறை தான் கற்றதை நேபாளியில் அச்சிட்டுத் தோளிற் சுமந்து எல்லை கடந்து கொண்டுவந்தது. இன்று ஆய்வேடுகள் ஆங்கிலத்திலோ ஜேர்மனிலோ எழுதப்பட்டு அங்குள்ள நூலகங்களில் உறைகின்றன. எழுதியோரிற் பலர் அங்கேயே தங்கிவிடுகின்றனர். அவர்களைக் குறைகூறுவதற்கில்லை: திரும்பி வரும் பொறியியலாளருக்கு 1902ஆம் ஆண்டு மாணவருக்கு இருந்ததைவிடச் சற்றே அதிகமான தொழிற்சாலைகளே உள்ளன.

காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் 1975இல் அரசியல் விஞ்ஞானத்தில் முதுமாணிப் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பிய சுசீலா கார்க்கி 2016இல் நேபாளத்தின் முதற் பெண் பிரதம நீதியரசரானார். சிறை அனுபவத்தின் அடியாகப் பிறந்த நாவலொன்றும் எழுதியவர். 2025 செப்டெம்பர் 12ஆம் திகதி அவரை இடைக்காலப் பிரதமராக்கியது இளைஞர் எழுச்சி. சமூக ஊடகத் தடை அதற்கு உடனடிக் காரணம். ஆனால் அதற்கு முந்திய வாரங்களில் இளைஞரின் கைகளிற் பரவியிருந்தவை அரசியல்வாதிகளுடைய பிள்ளைகளின் ஆடம்பர வாழ்வைக் காட்டும் படங்கள். செப்டெம்பர் 8ஆம் திகதி, முதல் நாளிலேயே, 19 பேர் கொல்லப்பட்டனர். ஊர்வலத்தில் வந்தோருள் பலர் பாடசாலை, கல்லூரிச் சீருடையுடனேயே வீதிக்கு வந்திருந்தனர்.